வண்டி மை

போடிநாயக்கனூர்
விபவ வருஷம், ஆடி 12

மரியாதைக்குரிய அண்ணன் தவசி அவர்களுக்கு, தங்கை சுந்தரம் வணக்கத்துடன் எழுதுவது.

அப்பா, அம்மா, நான் மூவரும் நலமாக இருக்கிறோம். மழைக்கு முன்னால் வரும் முழங்கால் வலி மட்டும் அம்மாவுக்கு வந்து போகிறது. மதுரைத் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா, இருமல் நின்றதா என்று கேட்கச் சொன்னாள்.

நம் வீட்டுக்கு லாரி வந்துவிட்டது. தானாக வரவில்லை, மாடுகள் இழுத்து வந்தன. யுத்தத்துக்குப் போய்த் திரும்பிய லாரியாம். பிறகு ஒரு தோட்டத்தில் பல வருஷம் உழைத்து, கொட்டகையில் கோழி அடைக்கக் கிடந்ததாம். உட்காரும் பலகைக்கு அடியில் இன்னும் கோழி இறகு இருக்கிறது. தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு மொக்கச்சாமி மாமா அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "என்ன வெள்ளைத்துரை, மாடு இழுக்குற மோட்டாரா பாத்து வாங்கியிருக்கீரு?" என்றார். அப்பா விடுவாரா? "இன்னைக்கு மாடு இழுக்குது. கார்த்திகையில நம்மூருக்கு ரயிலு வரட்டும், உம்ம மாட்டையும் சேத்து ஏத்திக்கிட்டுப் போகும்" என்றார்.

குரங்கணிக்கு மேலே உள்ள ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களின் மூட்டைகளை எல்லாம் இனி லாரியில்தான் ரயிலடிக்கு இறக்குவாராம். ஓட்டுவதற்கு வீரணன் வந்திருக்கிறார். முன்பு நம் மாட்டுவண்டி ஓட்டியவரேதான். நடுவில் ஒரு தோட்டத்துரையிடம் மோட்டார் கற்றுக்கொண்டாராம். அவரும் அப்பாவும் லாரியை அக்குவேறாகக் கழற்றி முற்றத்தில் பரப்பி வைத்திருக்கிறார்கள். துணி காயப்போட இடமில்லை என்று அம்மாவுக்குக் கோபம்.

லாரிக்கு அடியில் படுத்திருந்த வீரணனிடம், எப்படி இது நிற்கும் என்று கேட்டேன். "அதான் ஆத்தா சோலியே. பிரேக்குன்னு பேருக்கு ஒண்ணு இருக்கு. அது சக்கரத்தப் பிடிக்கல, நடுத்தண்டப் பிடிக்குது. அந்தப் பட்டையும் தேஞ்சு வெத்தல மாதிரி கெடக்கு. லோடோட குரங்கணி இறக்கத்துல இத நம்பி வந்தா, லாரி வெரசா வந்துரும், நான்தான் வரமாட்டேன்" என்று சிரித்தார். மாட்டுவண்டிக்குச் செய்வதுபோலப் பின்னால் ஒரு மரத்தைக் கட்டி இழுத்து வந்தால் என்ன என்றும் கேட்டார். ஊர் சிரிக்கும் என்று அப்பா மறுத்துவிட்டார்.

நீங்கள் மோட்டார் பட்டறையில் இருக்கிறீர்களே, இந்த லாரிக்கு நல்ல பிரேக் வைக்க முடியாதா? வகுப்பில் கேள்வி முடிவதற்குள் கை தூக்குகிறவள் நான். இதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரியவில்லை.

உங்கள் கடிதத்தை எதிர்பார்க்கும்
சுந்தரம்


மதுரை
ஆடி 25

பிரியமுள்ள தங்கை சுந்தரத்துக்கு அண்ணன் தவசி எழுதுவது.

நான் சுகம். இருமல் போய்விட்டது. அம்மா முழங்காலுக்கு வேப்பெண்ணெய் போட்டுக்கொள்ளட்டும்.

வீரணன் சொன்னது சரி. நடுத்தண்டுப் பிரேக்கை நம்பி மலையில் இறங்கக்கூடாது. தண்டு முறிந்தால் பிரேக்கும் கூடவே போய்விடும். எங்கள் பட்டறையில் ஒரு புது லாரி விபத்தில் நொறுங்கி வந்து கிடக்கிறது. அதன் பின்சக்கரத்து டிரம் இரண்டும் முழுசாக இருக்கின்றன. டிரம் என்றால் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்பு வட்டம். அதைச் சுற்றி ஒரு பட்டை இறுக்கிப் பிடிக்கும். பட்டையின் உள்பக்கம் கல்நாரும் பித்தளைக் கம்பியும் சேர்த்து நெய்த புது வாரைத் தைத்துக் கொண்டுவருகிறேன். முதலாளியிடம் கேட்டுவிட்டேன். ஆவணி முதல் வாரத்தில் வந்து நானே மாட்டுகிறேன்.

அதுவரை லோடு ஏற்ற வேண்டாம் என்று அப்பாவிடம் சொல். நான் சொன்னேன் என்று சொல்லாதே, வீரணன் சொன்னதாகச் சொல்.

நன்றாகப் படி. மற்றவை நேரில்.

உன் அண்ணன்
தவசி


போடிநாயக்கனூர்
ஆவணி 20

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு சுந்தரத்தின் வணக்கம்.

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்து அம்மா நிம்மதியானாள். கட்டிக்கொடுத்த முறுக்கு நொறுங்காமல் வந்ததா?

நீங்கள் இருந்த அந்த நாட்கள் எனக்கு ஒரு வருஷப் பள்ளிக்கூடம் மாதிரி. ஒரு சக்கரத்தில் பட்டை அதிகமாகவும் மறு சக்கரத்தில் குறைவாகவும் பிடித்தால் லாரி திரும்பிக்கொள்ளும் என்று நீங்கள் கம்பிகளைத் திருகித் திருகி அளந்ததை மறக்கமாட்டேன். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்து நான் பட்டையைத் தொடப் போனபோது, "எண்ணெய்க் கையோட கிட்ட வராத" என்று அதட்டினீர்களே, அதையும்தான். நீங்களும் ஒவ்வொரு தடவையும் சாம்பலில் கை தேய்த்த பிறகுதான் அதைத் தொட்டீர்கள்.

நேற்று வீரணன் மூட்டைகளுக்குப் பதிலாக மண்ணை ஏற்றிக்கொண்டு அடிவாரத்து முந்தலுக்கு மேலே இருக்கும் இறக்கத்தில் சோதனை பார்த்தார். அப்பாவோடு நானும் போயிருந்தேன். பாதி இறக்கத்தில் மிதித்தார். லாரி சொன்னபேச்சு கேட்கும் பிள்ளையைப்போல நின்றது. வீரணன் இறங்கி வந்து சக்கரத்தைத் தட்டிக்கொடுத்தார். அவர் மனைவி முனியாயி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். "உங்க அண்ணன் எம் புருசனுக்கு உசுரக் குடுத்திருக்காரு ஆத்தா" என்றாள்.

ஒரே ஒரு குறை. மிதிக்கும்போதெல்லாம் கிரீச்சென்று கத்துகிறது. கடைத்தெருவில் நின்றபோது வண்டிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். உங்களுக்குத்தான் தெரியுமே, அச்சுக்கு மை போடாமல் வண்டியைக் கத்தவிடுகிறவனுக்கு நம் ஊரில் கஞ்சன் என்றுதான் பெயர். "வெள்ளைத்துரை அண்ணே, மோட்டார் வாங்கத் தெரிஞ்சவருக்கு மை வாங்கத் தெரியலையாக்கும்?" என்றார் ஒருவர். "மாட்டுக்குப் பட்டினி, மோட்டாருக்கும் பட்டினியா?" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

அந்தச் சத்தம் ஏன் வருகிறது என்று எழுதுங்கள். அப்பாவுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்
சுந்தரம்


மதுரை
புரட்டாசி 6

பிரியமுள்ள சுந்தரத்துக்கு,

நலம். முறுக்கைப் பட்டறையில் எல்லோரும் பங்கு போட்டுத் தின்றோம். அம்மாவிடம் சொல்.

புதுப் பட்டை கத்தத்தான் செய்யும். பயப்பட ஒன்றுமில்லை. ஓட ஓடத் தானாக அடங்கிவிடும்.

அப்பா என்னிடம் தனியாக ஒன்று சொன்னார். இந்த ஏலக்காய்ப் பருவம் நல்லபடியாகப் போனால் போடியிலேயே எனக்கு ஒரு பட்டறை வைத்துக்கொடுக்கிறாராம். அவர் மனம் கோணாமல் பார்த்துக்கொள். நீ கேள்வி கேட்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்.

உன் அண்ணன்
தவசி


போடிநாயக்கனூர்
ஐப்பசி 8

அண்ணன் அவர்களுக்கு சுந்தரம் வணக்கத்துடன்.

எல்லோரும் சௌகரியம். நம் காரிப் பசு ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கன்று போட்டது. நெற்றியில் மட்டும் பொட்டு வைத்த மாதிரி வெள்ளை. பூஜை அன்று பிறந்த வீட்டு விசேஷம்போல முற்றமெல்லாம் கோலம். மாவிலை, வாழைக்கன்று, சந்தனம் என்று லாரி கல்யாண மாப்பிள்ளையாகிவிட்டது. முனியாயி வந்தாள். நான்தான் அவளுக்குப் பொரியும் கடலையும் முந்தி நிறையப் போட்டேன். வீரணன் சிலமலையில் அவர்கள் குலசாமியைக் கும்பிடப் போயிருந்தார்.

இனி எழுதுவதைக் கவனமாகப் படியுங்கள் அண்ணே.

பூஜை அன்று காலையில் அப்பா மாட்டுவண்டிகளுக்கு அச்சில் மை வைத்தார். வழக்கம்போல விளக்கெண்ணெயில் வைக்கோல் சாம்பலைக் குழைத்த மைதான். மிச்சம் இருந்த சட்டியைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு வந்தார். பின்சக்கரங்களுக்கு அடியில் படுத்து, நீங்கள் மாட்டிய டிரம்மைச் சுற்றிப் பட்டைக்கு உள்ளே கை விட்டுத் தடவினார். "அண்ணன் எண்ணெய் படக்கூடாதுன்னு கையச் சாம்பல்ல தேச்சாரேப்பா" என்று சொல்லிவிட்டேன். "சுத்துற எதுவும் மை இல்லாமச் சுத்தாது. நான் சக்கரத்தோட பொறந்தவன். போயி ஒன் புத்தகத்தப் படி" என்றார். மறுநாள் லாரி கத்தவில்லை. கடைத்தெரு வழியாக இரண்டு தடவை போய்வரச் சொன்னார்.

எனக்குத்தான் தப்பாகத் தோன்றுகிறதா? பிடித்து நிறுத்தும் பொருளுக்கு வழுக்கும் பொருளை வைக்கலாமா? உடனே எழுதுங்கள். ஒரு கார்டு போதும்.

உங்கள் தங்கை
சுந்தரம்


போடிநாயக்கனூர்
ஐப்பசி 21

அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? என் கடிதத்துக்குப் பதில் வராததால் கேட்கிறேன். தினமும் தபால்காரர் நம் தெருமுனையில் திரும்பிப் போய்விடுகிறார்.

வீரணன் நேற்று என்னிடம் வந்தார். "ஆத்தா, மிதிச்சா மொதல்ல பிடிக்கிற மாதிரி இருக்கு, அப்புறம் மீன் மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகுது. மேல ஏறுறப்ப தெரியல. எறங்குறப்ப கியரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஊந்து வர்றேன்" என்றார். மை வைத்ததை நான் சொன்னேன். உடனே லாரிக்கு அடியில் போய்ப் பார்த்தார். மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தினால் சரியாகுமா பார்க்கலாம் என்று அப்பாவிடம் நான் இருக்கும்போதே கேட்டார். பூஜை போட்டு வைத்த மையைக் கழுவுவதா என்று அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வீரணன் விடவில்லை. கடைசியில் அப்பா சொன்னார்: "எம் மவன் தொழில் தெரிஞ்சவன். அவன் கழுவச் சொல்லி எழுதட்டும், நானே கழுவுறேன். ஒனக்கும் இந்தப் புள்ளைக்கும் என்ன தெரியும்?"

ஆகையால் எல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. "கழுவுங்கள்" என்ற ஒரு சொல் போதும். வீரணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அண்ணன் எழுதிட்டாரா ஆத்தா?" என்று கேட்கிறார். தீபாவளிக்குள் பதில் வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன்.

சுந்தரம்


போடிநாயக்கனூர்
கார்த்திகை 9

அண்ணன் அவர்களுக்கு,

தந்தியில் விஷயம் தெரிந்திருக்கும். தந்தியில் இல்லாததை எழுதுகிறேன்.

ரயிலில் ஏற்ற வேண்டிய முதல் லோடு என்று அன்றைக்கு மூட்டைகளை வழக்கத்தைவிட உயரமாக அடுக்கியிருந்தார்கள். மேலே மழை. ஸ்டோரில் காய் பொறுக்கும் ஒச்சம்மாள், தங்கை கல்யாணத்துக்காக ஊருக்குக் கிளம்பியவள், மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து வந்திருக்கிறாள். முந்தலுக்கு மேலே, நாங்கள் சோதனை பார்த்த அதே இறக்கத்தில் பிரேக்கை மிதித்தும் லாரி நிற்கவில்லை. கீழே எதிரில் வண்டிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தனவாம். வீரணன் லாரியை மலைப்பக்கப் பாறையில் கொண்டுபோய் மோதவிட்டார். லாரி சாய்ந்தது. வண்டிக்காரர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். ஒச்சம்மாள் பிழைக்கவில்லை. வீரணனுக்குத் தொடையெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். கட்டில் பக்கத்தில் போலீஸ்காரர் நிற்கிறார்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்பே அப்பா மாடு கட்டி லாரியை வீட்டுக்கு இழுத்துவந்துவிட்டார். விடிந்ததும் மண்ணெண்ணெய் டின்னோடு லாரிக்கு அடியில் படுத்தார். இரண்டு சக்கரத்தையும் அவரே கழுவினார். யாரையும் தொடவிடவில்லை. வீடு முழுவதும் அந்த வாடைதான். சோற்றிலும் அடிக்கிறது.

பிறகு இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். அப்பா, "பிரேக்கெல்லாம் புதுசுங்க. எம் மவன் மதுரையில இருந்து வந்து மாட்டுனது. தொட்டுப் பாருங்க, எம்புட்டுச் சுத்தமா இருக்குன்னு. ஓட்டுனவன் குடிச்சிருந்தானான்னு கேளுங்க" என்றார். வீரணன் குடிப்பதில்லை என்பது நம் வீட்டு மாடுகளுக்குக்கூடத் தெரியும்.

நான் வெளியே போகப் பார்த்தேன். அம்மா என் கையைப் பிடித்துச் சமையற்கட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்திவிட்டாள்.

நீங்கள் ஏன் எழுதவில்லை?

சுந்தரம்


மதுரை
கார்த்திகை 15

பிரியமுள்ள தங்கை சுந்தரத்துக்கு,

கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவுக்குத் தைரியம் சொல். அப்பாவின் உடம்பைக் கவனித்துக்கொள்.

ஐப்பசியில் உன் கடிதம் எதுவும் எனக்கு வரவில்லை. மழைக்காலத்தில் தபால் தவறுவது உண்டு. வந்திருந்தால் எழுதாமல் இருப்பேனா?

வீரணன் கெட்டவன் இல்லை. ஆனால் லோடு அதிகம், மழை வேறு. கொஞ்சம் வேகமாக வந்திருப்பான். மலைப்பாதையில் ஒரு கணம் போதும். நான் மாட்டிய பிரேக் என்று பட்டறை முதலாளி காதில் விழுந்தால் என் பிழைப்பு என்ன ஆகும் என்பதையும் நினைத்துப் பார். யாரிடமும் எதுவும் பேசாதே.

நெற்றியில் வெள்ளை விழுந்த கன்று நன்றாக இருக்கிறதா? அதோடு விளையாடி மனத்தைத் தேற்றிக்கொள்.

உன் அண்ணன்
தவசி


போடிநாயக்கனூர்
கார்த்திகை 19

அண்ணன் அவர்களுக்கு,

கன்று நன்றாக இருக்கிறது.

அதன் நெற்றியில் வெள்ளை இருப்பதை நான் ஒரே ஒரு கடிதத்தில்தான் எழுதினேன். அப்பா மை வைத்ததை எழுதிய அதே கடிதத்தில். அதற்குப் பிறகு நம் வீட்டிலிருந்து யாரும் மதுரைக்கு வரவில்லை. அப்பா அனுப்பிய தந்தியில் கன்றைப் பற்றி எழுதியிருக்க மாட்டார்.

வீரணன்மேல் வழக்குப் போட்டுவிட்டார்கள். அஜாக்கிரதையாக ஓட்டி ஒரு பெண்ணைக் கொன்றதாக. முனியாயி தினமும் நம் வாசலுக்கு வந்து நிற்கிறாள். அப்பா அரிசி போடச் சொல்கிறார். அவள் அரிசி கேட்கவில்லை. "மை வச்சத மட்டும் ஒத்துக்கங்க சாமி, வேற ஒண்ணும் வேணாம்" என்கிறாள்.

நீங்கள் வந்து கோர்ட்டில் சொல்லுங்கள். தொழில் தெரிந்தவர் சொன்னால் நம்புவார்கள். எண்ணெய் பட்டால் அந்தப் பட்டை பிடிக்காது என்று மட்டும் சொன்னால் போதும். மை வைத்ததை நான் சொல்கிறேன். நான் பார்த்தேன். எனக்குப் பயமில்லை.

சுந்தரம்


மதுரை
மார்கழி 17

பிரியமுள்ள சுந்தரத்துக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பட்டறையில் வேலை அதிகம்.

நீ சின்னப் பெண். அப்பாவைக் கோர்ட்டில் ஏற்றினால் அம்மா என்ன ஆவாள் என்று யோசித்தாயா? சக்கரத்தோடு பிறந்தவன் என்று சொல்கிறவருக்கு, உங்கள் கை தப்பு என்று மகன் கார்டு எழுதிப் போடக்கூடிய வீடா நம் வீடு? ஒரு தரம் வழுக்கினால் அவரே புரிந்துகொண்டு கழுவிவிடுவார் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். இதற்குமேல் இதைப் பற்றி என்னைக் கேட்காதே.

ஒரு நல்ல செய்தி. நீ மதுரையில் படிக்க வேண்டும் என்று எத்தனை நாளாக ஆசைப்பட்டாய்? அப்பா சம்மதித்துவிட்டார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் விடுதியோடு இடம் கேட்டு வாங்கிவிட்டேன். அங்கே புத்தகங்களுக்கு என்றே ஒரு பெரிய அறை இருக்கிறது. தை பிறந்ததும் நானே வந்து அழைத்துப்போகிறேன்.

உன் நன்மையை நாடும்
தவசி


போடிநாயக்கனூர்
மார்கழி 22

அண்ணன் அவர்களுக்கு,

புத்தக அறையைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கவில்லை. அந்தச் சந்தோஷத்துக்காக இரண்டு நாளாக என்னை எனக்கே பிடிக்கவில்லை.

வழக்கு முடிந்த பிறகு வருகிறேன். முதலில் நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். விடுதியில் காத்திருப்பார்களா என்று கேட்டு எழுதுங்கள்.

சுந்தரம்


போடிநாயக்கனூர்
மாசி 11

பிரியமுள்ள தங்கை சுந்தரத்துக்கு அண்ணன் எழுதுவது.

இங்கே யாவரும் நலம். விடுதிச் சாப்பாடு பழகிவிட்டதா? அம்மா உனக்கு நெய் கொடுத்தனுப்பப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தையில் உன்னை அழைத்துப்போன அன்று ரயிலில் நீ அழுதுகொண்டே வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. போகப் போகச் சரியாகும்.

நான் மதுரை வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டேன். பட்டறைக்கு ரயிலடிப் பக்கம் இடம் பார்த்தாயிற்று. லாரியை நிமிர்த்திச் சரிசெய்துவிட்டோம். பட்டை புதிதாகத் தைத்துப் போட்டிருக்கிறேன். நன்றாகப் பிடிக்கிறது. கத்துகிறது, ஆனால் அப்பா ஒன்றும் சொல்வதில்லை. கன்று துள்ளித் திரிகிறது.

நீ போன மறுவாரம் வழக்கு முடிந்தது. வீரணனுக்கு ஒரு வருஷம் போட்டார்கள். இன்னும் அதிகமாகப் போட்டிருக்கலாம், மாஜிஸ்டிரேட் இரக்கப்பட்டார்.

நன்றாகப் படித்து முன்னுக்கு வா.

உன் அண்ணன்
தவசி


மதுரை
பங்குனி 3

அண்ணன் அவர்களுக்கு,

நெய் வந்தது.

போன வாரம் என்னைப் பார்க்க ஊரிலிருந்து ஆள் வந்திருப்பதாக விடுதிக் காவலாளி சொன்னார். அம்மா என்று ஓடினேன். வாசலில் முனியாயி நின்றாள். ஜெயிலில் புருஷனைப் பார்க்க வந்தவள், வழி கேட்டுக் கேட்டு இங்கே வந்திருக்கிறாள். வீரணனுக்குக் கால் கோணலாகச் சேர்ந்துவிட்டதாம். இனி மிதிக்கட்டையை அழுத்த முடியாதாம்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. ரொம்ப நேரம் என் தாவணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "இவரு கோர்ட்டுல சொன்னாரு ஆத்தா, முதலாளி மகளக் கேளுங்க, அது பொய் பேசாதுன்னு. அந்தப் புள்ள எங்கேன்னு கேட்டாக. உங்கண்ணன் எந்திரிச்சு, பூசை அன்னைக்கு நீ ஊர்லயே இல்ல, மதுரையில அவரு கூட இருந்தன்னு சொன்னாரு. எனக்கே தலை சுத்திப்போச்சு. அன்னைக்கு எம் முந்தியில பொரி போட்டது யாருன்னு யோசிச்சுக்கிட்டே நின்னேன். நீதான ஆத்தா?"

நான்தான் என்றேன். "அதக் கேட்டுட்டுப் போவம்னுதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு, வெரசாகப் போனால்தான் ரயில் கிடைக்கும் என்று போய்விட்டாள். வாசல் தாண்டித் திரும்பிப் பார்த்து, "நல்லாப் படி" என்றாள்.

நேற்று வகுப்பில் உராய்வு பற்றிப் பாடம். எண்ணெய் எதற்கு இடுகிறோம் என்று டீச்சர் கேட்டார். எல்லோரும் கை தூக்கினார்கள். எண்ணெயே படக்கூடாத இடம் ஒன்று சொல்லுங்கள் என்றார். ஒருவரும் அசையவில்லை. நான் எழுந்து, லாரியின் பிரேக் பட்டை என்றேன். பட்டை உரசித்தான் பிடிக்கும், எண்ணெய் பட்டால் சக்கரம் சுற்றிக்கொண்டே போகும், மலையிறக்கத்தில் ஆள் செத்துப்போகும் என்றேன். டீச்சர் ஆச்சரியப்பட்டு, இதையெல்லாம் உனக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார்.

என் அண்ணன் என்றேன்.

இப்படிப்பட்ட அண்ணன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், அடுத்த கடிதத்தில் அவருக்கு என் பாராட்டை எழுது என்றார்.

எழுதிவிட்டேன்.

சுந்தரம்